பொதுச்சுவர்

ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை ஒரு தடவை பார்த்தார். மாடத்தில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மீட்டரிடம் போய் நின்றார்.

"இன்னாம்மா, உள்ள மாவு மிஷின் எதுனா ஓட்டிக்கினு இருக்கியா?"

சாமியம்மாள் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். "ஆமாங்க, நெல்லு மிஷினும் ஒண்ணு இருக்குது, வாங்க காட்டுறேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அட்டையில் எழுதினார், எழுதியதைத் தானே ஒருமுறை படித்தார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

சாமியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் மகள் கனகம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எவ்ளோடி? எட்டா, ஒம்பதா?"

"முந்நூத்தி எண்பத்தாறும்மா."

"பைசாவா?"

"ரூவாம்மா."

சாமியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் உடைத்த பருப்பு பாதி மண்ணில் கொட்டியது. அதைப் பொறுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. 

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். அவள் புருஷன் தனகோட்டிக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மண்ணை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். நாள் கூலி பதினோரு ரூபாய், அதுவும் போனால்தான். முந்நூற்று எண்பத்தாறு என்றால் முப்பத்தைந்து நாள் மண் வார வேண்டும். அந்த முப்பத்தைந்து நாளும் யாரும் சாப்பிடக் கூடாது.

மந்தாரக்குப்பத்தின் கடைசித் தெருவில், செம்மண் மேட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அவர்கள் ஊர் சுரங்கத்துக்குள் போனபோது நிலம் இருந்தவர்களுக்கு நிலத்துக்குப் பணம் வந்தது. கூலிக்காரர்களுக்குக் குடிசைக்கு வந்ததுதான். அதை வைத்துக்கொண்டு தனகோட்டியும், அதே ஊர்க்காரனான குஞ்சிதபாதமும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டினார்கள். கல் மிச்சமாகுமே என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்டவாளத் துண்டு ஒன்றை அந்தச் சுவருக்குள் நட்டு, அதன்மேல் இரண்டு கூரையையும் ஏற்றினார்கள். ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் நூறு ஆயுசு சொல்லலாம்.

தனகோட்டி வீட்டுக்கு மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரண்டு வந்தது. இரண்டு பல்பு. பொழுது சாய்ந்தால் போடுவார்கள், கனகம் படித்து முடித்ததும் அணைத்துவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு எட்டு ரூபாய், மிஞ்சினால் ஒன்பது.

ஷிப்ட் முடிந்து வந்த தனகோட்டி விஷயத்தைக் கேட்டதும் முதலில் கோபப்படவில்லை. "எழுதினவன் பக்கத்துப் பேரை மாத்தி எழுதியிருப்பான். ஒரு நம்பரக் கூடப் போட்டிருப்பான். நாளைக்கி நீ போயி சொல்லு. நான் லீவு போட்டா மேஸ்திரி வேற ஆளு வெச்சிடுவான்" என்றான். கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தவன், இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் கையைக் கழுவிக்கொண்டான்.

மறுநாள் சாமியம்மாள் கரண்டாபீசுக்குப் போனாள். மாடிப்படி முழுக்க ஆள் நின்றது. அவள் முறை வரும்போது மணி பதினொன்றரை. சிவப்பிரகாசம் என்று ஒரு கிளார்க். அட்டையை வாங்கிப் பெரிய நோட்டைப் புரட்டினார்.

"சரியாத்தான் இருக்கு. மீட்டர் ஓடியிருக்கு, ஓடுனதுக்கு பில்லு."

"ஓடுற அளவுக்கு எங்க வூட்டுல ஒண்ணும் இல்லீங்க. ரெண்டே ரெண்டு பல்பு."

"ஹீட்டர் போட்டு சமைக்கிறீங்களா?"

"ஹீட்டரெல்லாம் நான் வேலை செய்யுற குவார்ட்டர்ஸ்ல பாத்ததுதாங்க. எங்க வூட்டுல வெறவும் லெக்கோ கரியும்."

"அப்ப பக்கத்துல யாருக்கோ லைன் இழுத்துக் குடுத்திருக்க."

"அய்யோ, இல்லீங்க."

"இல்லாம எப்படிம்மா ஓடும்? மீட்டருக்கு உம்மேல விரோதமா? லைன் குடுக்குறது திருட்டு, தெரியுமில்ல? பேசிக்கினே போனா கேஸ் ஆயிடும்." அவர் சத்தமாகத்தான் பேசினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "மொதல்ல பணத்தக் கட்டு. மீட்டர் சரியில்லன்னு நெனச்சா எழுதிக் குடு, டெஸ்ட் பண்ணத் தனியாக் கட்டணும். பதினஞ்சு நாள்ல பணம் வரலேன்னா ஆளு வந்து பீஸைப் புடுங்கிடுவான். அடுத்தது யாரு?"

சாமியம்மாள் படியில் இறங்கிய பிறகும் காது இரண்டும் சுட்டுக்கொண்டே இருந்தன. பில் தப்பாக இருக்கிறது என்று சொல்லப் போனவள் திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வாழ்நாளில் அவள் பிறத்தியார் கொல்லையில் ஒரு முந்திரிக்கொட்டை பொறுக்கியவள் இல்லை.

அப்படியே வேலைக்குப் போனாள். டவுன்ஷிப்பில் இரண்டு வீட்டில் அவளுக்குப் பாத்திரமும் துணியும். அதில் ஒன்று இசக்கியம்மாள் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். இசக்கியம்மாளின் வீட்டுக்காரர் சிங்காரவேலு பவர் ஹவுசில் எலெக்ட்ரீஷியன். அந்த வீட்டில் பட்டப்பகலில் கூடத்து விளக்கு எரியும், ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றும். கரண்டுக்கென்று சம்பளத்தில் ஏதோ பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சாமியம்மாள் இத்தனை நாளும் அதைக் கவனித்ததில்லை. இன்றைக்கு அந்த ஃபேனைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, என்ன ஆச்சு? எதுக்கு அழுத?" என்று அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள் இசக்கியம்மாள். கேட்டுவிட்டு, "அடப் பாவமே! முந்நூத்தி எண்பத்தாறா? ஏங்க, இங்க வாங்க, இவ சொல்லுததக் கேளுங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

சிங்காரவேலு இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷூ லேஸைக் கட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டார். அதிகம் பேசாத மனிதர்.

"சாமியம்மா, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. மீட்டருக்குள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்தும், பாத்திருக்கியா? செவப்பா ஒரு கோடு இருக்கும்."

"பாத்திருக்கேன் சார்."

"ரெண்டு பல்பையும் அணைச்சிட்டு அது முன்னால போயி நில்லு. தட்டு நின்னுட்டா ஒரு கணக்கு. நிக்காம சுத்துச்சுன்னா வேற கணக்கு. பக்கத்துல கைப்பிடி வச்ச இரும்புப் பெட்டி இருக்கும், அதுதான் மெயின். அதக் கீழ இழுத்தா வீட்டுக்குள்ள கரண்டே இருக்காது. அப்பமும் சுத்துதான்னு பாரு. நாளைக்கு வந்து சொல்லு."

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போய் இரண்டு சுவிட்சையும் அணைத்தாள். கொல்லைப்பக்கம் வந்து மீட்டருக்கு முன்னால் நின்றாள். சிவப்புக் கோடு இடது பக்கத்திலிருந்து வந்தது, போனது. மறுபடி வந்தது. அவள் உள்ளே ஓடிப்போய் பல்பு இரண்டையும் அண்ணாந்து பார்த்தாள். இரண்டும் இருட்டாகத்தான் இருந்தன. வெளியே வந்தாள். கோடு வந்துகொண்டே இருந்தது. நடையில்லை, ஓட்டம்.

மெயினைக் கீழே இழுத்தாள். தட்டு நின்றது. மேலே தள்ளினாள். ஓடியது.

 விளக்கு எரியவில்லை, ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாய், ராத்திரி பகல் என்று பார்க்காமல் இரண்டு மாதமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

தனகோட்டி வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். அவன் நீண்ட நேரம் தட்டையே பார்த்தான். சரியாக அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் ரேடியோ பாட ஆரம்பித்தது.

அந்த ரேடியோ ஆவணி மாதத்தில் வந்தது. குஞ்சிதபாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். அவன் வீட்டில் கரண்டு இல்லை, அரிக்கேன் விளக்குதான். அவன் பெண்டாட்டி மாரியம்மாள் தினமும் நாலு தடவை, "யக்கா, கொஞ்சம் புளி குடு, யக்கா, நெருப்பு குடு" என்று வந்து நிற்பவள். இந்த இரண்டு மாதமாக வாசல் பக்கமே வருவதில்லை. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். ஏன் என்று சாமியம்மாளுக்குப் புரியாமல் இருந்தது. இப்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல இருந்தது.

"லைன் இழுத்திருக்கான்" என்றான் தனகோட்டி. "பொதுச் செவுரு. ஓட்ட போட்டு இழுத்தா யாருக்குத் தெரியும்?"

"இருய்யா, சார் கிட்ட கேட்டுக்கினு..."

அவன் தெருவுக்குப் போய்விட்டான்.

"டேய் குஞ்சி! வெளிய வாடா!"

குஞ்சிதபாதம் சாப்பிட்ட கையோடு வந்தான். "இன்னாண்ணே?"

"உன் வூட்டுல ரேடியோ எதுலடா பாடுது?"

"ரேடியோ ரேடியோவுலதான் பாடுது. இன்னாண்ணே கேள்வி இது?"

"என் கரண்டுல பாடுதுடா! முந்நூத்தி எண்பத்தாறு ரூவா பில்லு வந்திருக்குது. நான் மண்ணு வாரிக் கட்டணும், நீ குந்திக்கினு பாட்டு கேப்பியா? திருட்டுப் பயலே!"

தெருவில் அத்தனை வீட்டு வாசலிலும் ஆள் வந்துவிட்டது. குஞ்சிதபாதம் சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்தான். உள்ளே போனான். ரேடியோவைப் பாடப் பாடவே தூக்கிக்கொண்டு வந்தான். தெரு நடுவில் நின்று, எல்லார் கண்ணுக்கும் தெரிகிறமாதிரி அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். பாட்டு நிற்கவில்லை. அதில் ஒரு ஒயரும் தொங்கவில்லை. பின்பக்க மூடியைப் பிய்த்தான். மூன்று கட்டை பேட்டரிகள் மண்ணில் விழுந்து உருண்டன. பாட்டு நின்றது.

"பொறுக்கி எண்ணிக்கண்ணே" என்றான்.  "ஒரே சட்டியில கஞ்சி குடிச்சமே, அதுக்குத் திருடன்னு பேரு வெச்சியே, அதையும் சேத்து எண்ணிக்க."

மாரியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. சாமியம்மாளை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்ததை சாமியம்மாள் கவனித்தாள். திருடியவளுக்கு உண்டான பயம் என்று அப்போது எடுத்துக்கொண்டாள். தனகோட்டியும் விடவில்லை. "ரேடியோ இல்லேன்னா வேற எதுனா இருக்கும். அவன் வூட்ட யாரு தொறந்து பாத்தா?" என்று படுக்கிறவரைக்கும் முனகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் சிங்காரவேலுவிடம் சொன்னாள். அவர் முகம் மாறியது. "அணைச்ச பிறகும் சுத்துதுன்னா எங்கயோ போகுது. நாளைக்கு எனக்கு லீவு, நானே வந்து பாக்கேன். அதுக்குள்ள ஒரு காரியம் பண்ணு. ஒரு நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு எண்ணி வை" என்றார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கனகத்துக்கு அரைநாள் பள்ளிக்கூடம். எதிர் வீட்டில் கடிகாரம் இருந்தது. கனகம் அங்கே நின்று "ஆரம்பிம்மா" என்று குரல் கொடுக்க, சாமியம்மாள் மீட்டருக்கு முன்னால் நின்று எண்ணுவதாக ஏற்பாடு. வானம் காலையிலிருந்தே கருத்துக் கிடந்தது. சுரங்கத்து மண்மேட்டுக்கு அந்தாண்டையிருந்து காற்று வந்தது. தூரத்தில் வந்த மழை, கண்மூடித் திறப்பதற்குள் கூரைமேல் இறங்கிவிட்டது. 

"அஞ்சு... ஆறு... ஏழு..."

மழை பொதுச்சுவரின் கொல்லைப்பக்க முனையில் சாய்ந்து அடித்தது. சுவர் நனைந்து கருப்பாவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"எட்டு... ஒம்பது..."

சிவப்புக் கோடு திடீரென்று வேகமெடுத்தது. அவள் வாய் எண்ணுவதற்குள் அது வந்து வந்து போயிற்று. கோடு போய், தட்டே சிவப்பாகச் சுற்றுவதுபோலத் தெரிந்தது. 'இது இன்னா இது' என்று அவள் நினைத்த அதே நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. கூப்பிடுகிற சத்தம் இல்லை, அலறலும் இல்லை. மூச்சு முட்டுகிற மாடு அடித்தொண்டையில் போடுகிற சத்தம்.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மழைக்குத் துணி எடுக்க ஓடிவந்த மாரியம்மாள் கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் அடித்த ஆணியிலிருந்து வேலிக்குப் போகும் கம்பிக்கொடியை வலது கை பிடித்திருந்தது. பிடித்த கை விடவில்லை. உடம்பு முழுக்க வெடவெடவென்று ஆடியது. கண் மேலே செருகிக்கொண்டிருந்தது.

"மாரீ!" என்று ஓட ஒரு காலை எடுத்து வைத்தவள், எதனாலோ அப்படியே திரும்பினாள். அந்த நொடியில் தனக்கு யார் புத்தி சொன்னது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் இரும்புப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். கைப்பிடி கீழே விழுந்தது.

தட்டு நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் தொப்பென்று மாரியம்மாள் விழுகிற சத்தம் கேட்டது.

சாமியம்மாள் வேலியைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். மாரியம்மாள் சேற்றில் மல்லாந்து கிடந்தாள், உதடு நீலமாக. மார்பில் காதை வைத்தாள். மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் அறைந்தாள். மார்பைத் தேய்த்தாள். "ஏய் மாரி, மூச்ச வுடுடி, வுடுடி" என்று கத்திக்கொண்டே தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒரு விக்கல் வந்தது. பிறகு ஒரு மூச்சு.

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போவைத் தெருக்காரர்கள் மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சைக்கிள் கடையிலிருந்து குஞ்சிதபாதம் அப்படியே ஓடிவந்தான், கையில் சொல்யூஷன் பசை காயாமல். சாமியம்மாளைப் பார்த்தான்.  ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். திருட்டுப்போகிறது என்று ஊரைக் கூட்டின கரண்டு அவன் பெண்டாட்டியின் உடம்பு வழியாகப் போயிருக்கிறது. இதை அவள் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டாள். 

இரண்டாம் நாள்தான் மாரியம்மாளுக்குப் பேச்சு தெளிவாக வந்தது. வலது உள்ளங்கை வெந்து கட்டுப் போட்டிருந்தது. சாமியம்மாள் கஞ்சி கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டினாள். பாதிக் கஞ்சியில் மாரியம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லட்டா? வெய்யாத."

"சொல்லுடி."

"ஆவணியிலேருந்தே எனக்குக் கை சுர்ருங்குது. செவுத்துல சாஞ்சா சுர்ருங்குது, கொடியில துணி போட்டா சுர்ருங்குது. உடம்புல ஏதோ பூந்துக்கிச்சின்னு நெனச்சேன். அவரு கிட்ட சொன்னா 'நரம்புத் தளர்ச்சி, டானிக்கு குடி'ன்னாரு. வடலூரு தாண்டி ஒருத்தரு கிட்டப் போயி மந்திரிச்சிக்கினேன். பக்கத்து வூட்டுல வெச்சிட்டாங்கன்னாரு."

சாமியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "இன்னாத்த வெச்சிட்டாங்க?"

"செய்வினைக்கா. பொதுச் செவுத்துல பொதச்சி வெச்சிருக்காங்க, உன்ன அரிச்சிக்கினே வரும்னாரு. நான் நம்பிட்டேன். அதனாலதான் ஒன் வாசப்படிய மிதிக்கல. அண்ணன் வந்து தெருவுல கத்துனப்பகூட, நம்மளக் கொல்லத்தான் பாக்குறாங்கன்னு நெனச்சேன்."

ஸ்பூன் சாமியம்மாள் கையிலேயே நின்றுவிட்டது. இவள் அவளைத் திருடி என்றும் அவள் இவளைச் சூனியக்காரி என்றும் நினைத்துக்கொண்டு, ஒரு சுவரின் இரண்டு பக்கமும் படுத்து எழுந்திருக்கிறார்கள். பொல்லாப்பு நடுவில் இருந்திருக்கிறது. ஒருத்தியாவது மற்றவளிடம், "ஏண்டி, உனக்கு எதுனா தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"நானும் ஒன்ன நெனக்கக் கூடாதத நெனச்சிட்டேன் மாரி" என்றாள்.  கஞ்சியை ஊட்டினாள்.

சிங்காரவேலு ஞாயிற்றுக்கிழமையே வந்து சுவரைக் கொத்திப் பார்த்திருந்தார். பல்புக்குப் போகிற ஒயர் பைப் எதுவும் இல்லாமல் சுவருக்குள்ளேயே புதைத்துப் பூசப்பட்டிருந்தது. அதுவும் முழு ஒயர் இல்லை, பழைய துண்டுகளை முறுக்கி ஒட்டியது. ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் உளுத்துப்போய், செம்புக் கம்பி தண்டவாளத் துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்டவாளம் கரண்டை நேராக மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அரை சாண் தள்ளித்தான் குஞ்சிதபாதத்தின் கொடி ஆணி. மழையில் சுவர் ஊறியதும் ஆணிக்கும் உயிர் வந்துவிட்டது.

"மெயினை இறக்கி வைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சுத்து எண்ணச் சொன்னேனே. முப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருந்து என்னத்துக்கு!"

சாமியம்மாள் ஒயரிங் செய்த ராயப்பனைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் பண்ருட்டிப் பக்கம் போய் ஒரு வருஷமாகிறது. "கை முழுக்கக் காசு வாங்கிக்கினு ஒட்டு ஒயரு போட்டானே, அவன் கையி..."

"அவனத் திட்டாத" என்றான் தனகோட்டி.

அவன் சுவரோரமாகக் குந்தியிருந்தான். குஞ்சிதபாதமும் அங்கேதான் நின்றிருந்தான். "பைப்பு போட்டா தொண்ணூறு ரூவா கூட ஆவும்னு சொன்னான். பழைய ஒயரு எங்கிட்ட கெடக்குது, அதப் போட்டா இன்னும் கொறையும்னான். நான்தான் சரின்னேன். உள்ள வெச்சிப் பூசிடு, யாரு பாக்கப் போறான்னு நான்தான் சொன்னேன்."

 சாமியம்மாள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக இந்தச் சுவரோரம்தான் பாயைப் போட்டுக் கனகத்தைப் படுக்க வைத்தாள்.  தனகோட்டி எழுந்து குஞ்சிதபாதத்தின் முன்னால் போய் நின்றான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். குஞ்சிதபாதம், "வுடுண்ணே, மொதல்ல அவ எழுந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

செவ்வாய்க்கிழமை சாமியம்மாள் மறுபடியும் கரண்டாபீசுக்குக் கிளம்பியபோது, தெருமுனையில் குஞ்சிதபாதம் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். "நானும் வரேன்" என்றான். 

சிவப்பிரகாசம் அவளைப் பார்த்ததும், "பணம் கொண்டாந்தியா?" என்றார்.

"எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டோம்ங்க. செவுத்துக்குள்ள கசிஞ்சி மண்ணுக்குப் போயிருக்குது. நாங்க எரிக்கல."

"மீட்டரத் தாண்டினா உங்க பொறுப்பும்மா. மண்ணுக்குப் போனாலும் ஒண்ணு, மலைக்குப் போனாலும் ஒண்ணு. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பக்கத்துல யாருக்கோ லைன்..."

குஞ்சிதபாதம் முன்னால் வந்தான்.

"நான்தாங்க அந்தப் பக்கத்து வூட்டுக்காரன். திருடன்னு பேரு வாங்குனவன். அந்தக் கரண்டு என் பொண்டாட்டி கையில இருக்குதுங்க. உள்ளங்கை வெந்து ஆஸ்பத்திரியில கெடக்குறா. வந்து பாத்து, அவ எத்தினி யூனிட்டு இழுத்தான்னு எழுதிக்கினு போங்க."

 சிவப்பிரகாசத்தின் பேனா நோட்டின்மேல் அப்படியே இருந்தது. "நெசமாவா?" என்றார், குரலே வேறாக. பிறகு எழுந்து, "இருங்க" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் அறைக்குள் போனார்.

மறுநாள் இன்ஜினியரே சிவப்பிரகாசத்தோடு வந்து சுவரைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். நடுத்தர வயசுக்காரர். அரைமணி நேரம் எழுதினார். முடித்ததும், "ஓடின ரீடிங்கை என்னால அழிக்க முடியாதும்மா. சட்டத்துல இடமில்ல. ஆறு தவணையாப் பிரிச்சித் தரேன், அபராதம் இல்லாம. அதுதான் என் கையில இருக்கு" என்றார். சாமியம்மாள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. ஆனால் ஒன்று கேட்டாள்.

"மொத நாளு நான் வந்து சொன்னேனே, எங்க வூட்டுல அவ்ளோ எரியலன்னு. அன்னைக்கே ஒருத்தரு வந்து பாத்திருந்தா?"

இன்ஜினியர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். சிவப்பிரகாசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறுகிறபோது சிவப்பிரகாசம் மட்டும் திரும்பி வந்து, "நோயாளி எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிங்காரவேலு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, கூலி வாங்காமல், சுவருக்கு வெளியே பைப் போட்டுப் புது ஒயர் இழுத்தார். தனகோட்டி தண்டவாளத்தைச் சுற்றிலும் கொத்திச் சுத்தம் செய்து, குஞ்சிதபாதத்தின் ஆணியைப் பிடுங்கி எறிந்து, சுவரை இரண்டு பக்கமும் பூசினான். அந்தப் பக்கம் பூசும்போது குஞ்சிதபாதம் கலவையைக் குழைத்துக் கொடுத்தான்.  "தண்ணி கொஞ்சம் ஊத்து" "போதுமாண்ணே" என்று அவ்வளவுதான் பேச்சு.

பதினெட்டாம் நாள் மாரியம்மாள் வீட்டுக்கு வந்தாள். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல் வரைக்கும் வந்தவள் உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். குஞ்சிதபாதம் சொல்லிப் பார்த்தான். இசக்கியம்மாள்கூட வந்திருந்தாள், "உள்ள வாட்டி, ஒண்ணும் செய்யாது" என்று கூப்பிட்டாள். மாரியம்மாளின் கண் பொதுச்சுவரிலேயே நிலைகுத்தி நின்றது. புதுப்பூச்சு இன்னும் காயாமல் ஈரம் மினுமினுத்தது.

சாமியம்மாள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். தன் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும், கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு முன்னால் போய் நின்றாள். சேற்றில் கிடந்த நீல உதடு கண்ணுக்கு முன்னால் வந்தது. வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, உள்ளங்கை முழுக்க ஈரச் சுவரில் வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் இல்லை. குளிர்ந்த சுண்ணாம்பு மட்டும்தான். இன்னொரு கையையும் வைத்தாள். நெற்றியையும் சாய்த்தாள்.

"பாருடி. ஒண்ணும் பண்ணல. வா."

மாரியம்மாள் வாசற்படியை மிதித்து உள்ளே வந்தாள். வந்தவள் சுவரைத் தொடவில்லை. கட்டுப் போடாத இடது கையால் சாமியம்மாளின் தோளைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"போதும்க்கா, எடு கைய. எனக்குப் பயமா இருக்குது."